முனவ்வர் பேகத்தின் வலது காலும் ஆயில் இஞ்சினும்

ஆம்பூருக்கு மின்சாரம் வராத காலம். ஹபீப் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்புக்கும் அவருடைய வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆயில் இஞ்சின். இந்தப் பக்கம் அவருடைய மனைவி முனவ்வர் பேகம். இரண்டில் எதன் சத்தம் பள்ளிகொண்டா வரைக்கும் கேட்கும் என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி இருந்தது. சாயபு எந்தக் கட்சியிலும் சேரவில்லை. இரண்டுக்கும் எண்ணெய் வாங்கிக் கொடுக்கிறவர் அவர்.

அந்தச் சுவரில் பிற்பாடு ஓர் ஓட்டை போட வேண்டி வந்தது. சந்தேகப்படுகிறவர்கள் இன்றைக்கும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஓட்டை அப்படியே இருக்கிறது, சுவரைத்தான் இடித்துவிட்டார்கள்.

ஒரு பக்ரீத் முடிந்த கையோடு, ஷாப்பில் தோல் கூரை முட்டக் குவிந்து கிடந்த சமயத்தில், பேகத்துக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் அவள் எழுந்தாள். வலது கால் எழவில்லை. கிள்ளினாள், தட்டினாள், உருதுவில் திட்டினாள், தமிழில் திட்டினாள். அது பக்கத்து வீட்டுக்காரர் கால் போல ஒன்றும் தெரியாமல் கிடந்தது. கையை வாதம் தொடவில்லை. வாய்ப்பக்கம் நெருங்கக்கூட இல்லை. வாதத்துக்கும் பயம் என்று ஒன்று இருக்கும்தானே.

கால் போனதைக் கூடப் பேகம் பொறுத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் நடந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. சாயபுவின் தம்பி மனைவி ஜஹீதா உள்ளே வந்து தலையணைக்கு அடியில் கையை விட்டு, வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நீங்க நிம்மதியாப் படுங்க ஆபா. இந்த பேஜார்லாம் இனிமே எனக்கு."

சாவி என்றால் வெறும் சாவி இல்லை. அரிசிக் கிடங்கு, சர்க்கரை அலமாரி, ஊறுகாய் ஜாடி வைத்த அறை, பெருநாள் துணிப் பெட்டி, எல்லாம் அந்த ஒரே வளையத்தில் தொங்கின. அந்த வீட்டில் யார் எப்போது என்ன தின்பது என்பது பேகத்தின் இடுப்பில் இருந்தது. இப்போது அது ஜஹீதாவின் இடுப்புக்குப் போய்விட்டது. படுத்த இடத்திலிருந்தே பேகத்துக்குச் சத்தத்தை வைத்து எந்தப் பூட்டு திறக்கிறது என்று தெரியும். சர்க்கரை அலமாரி ஒரு நாளில் பல தடவை திறந்தது. ஒவ்வொரு தடவையும் பேகம் கண்ணை மூடிக்கொண்டாள்.

வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஒரு துரைசானி டாக்டரம்மா மோட்டார் காரில் வருவாள். ரோட்டோரம் புளியமரத்தடியில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மருந்து கொடுப்பாள். ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண்களின் வீடுகளுக்கு மட்டும் உள்ளேயே வந்து பார்ப்பாள். பைபிளைப் படித்துத் தமிழ் கற்றவள். பேகத்தின் முழங்காலுக்குக் கீழே ஒரு சின்ன சுத்தியலால் தட்டினாள். கால் லேசாகத் துள்ளியது.

"அம்மா, உங்கள் கால் மரித்துப்போகவில்லை. தன் வேலையை மறந்துபோயிற்று, அவ்வளவுதான்."

"ஞாபகப்படுத்த முடியுமா?"

"முடியும். மிதிவண்டியைப் போல ஓர் இயந்திரம் எங்களிடத்தில் உண்டு. பாதங்களை அதிலே கட்டிவிட்டால் அது கால்களைச் சுழற்றும். ஓயாமல் சுழற்ற வேண்டும். கால் போகிறபோது உங்கள் மனமும் கூடப் போக வேண்டும். அதுவே முக்கியம். வேலூருக்கு வந்து சில மாதங்கள் தங்குங்கள்."

பேகம் அறை வாசலைப் பார்த்தாள். அங்கே ஜஹீதா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் சாவி மெதுவாக ஆடியது.

"போய்ட்டு வாங்க ஆபா. எவ்ளோ மாசம் ஆனாலும் பரவால்ல. வீட்டை நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு பேச்சில் வேலூர் கைவிட்டுப் போனது. பேகம் கட்டிலை விட்டு அசையமாட்டேன் என்றாள். ஏற்கெனவே அசைய முடியாதவள் அசையமாட்டேன் என்று சொன்னால் அதற்கு எதிராக யார் என்ன பேச முடியும்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் விஷயம் முற்றியது. சாயபு பேகத்தின் கட்டிலருகே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜஹீதா பரிமாறினாள்.

"உப்பு ஜாஸ்தி," என்றாள் பேகம், சாப்பிடாமலே.

"வாயில வெக்காமலே எப்படி ஆபா தெரியும்?"

"அவர் தண்ணி குடிக்கறதப் பாத்தா தெரியல? ஜஹீதா, இங்க கேளு. வர்ற ரம்ஜான் பெருநாள் அன்னிக்கு, ஆம்பளைங்க ஈத்காவுல தொழுதுட்டு வீடு திரும்பறதுக்குள்ள, நான் என் கால்ல நடந்து சமையக்கட்டுக்கு வந்து ஷீர் குர்மா பாயசம் கிண்டுவேன். யாரும் தூக்கக் கூடாது, யாரும் புடிக்கக் கூடாது. வந்துட்டா சாவி எனக்கு."

"வரலேன்னா?"

"வரலேன்னா உனக்கே. நானே உன் இடுப்புல முடிஞ்சு வுடறேன். அப்புறம் இந்த ஜென்மத்துல கேக்க மாட்டேன்."

இருவரும் சாயபுவைப் பார்த்தார்கள். சாயபு சோற்றையே பார்த்தார். மதராஸ் ஏலத்தில் பத்து வெள்ளைக்காரர்களோடு ஒற்றை ஆளாக விலை பேசுகிறவர் அவர். "ரெண்டு பேரும் நல்லவங்கதான்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அதையே இருவரும் ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டார்கள்.

காலை யார் சுழற்றுவது? வீட்டு வேலைக்கு வரும் அமிர்தவள்ளிதான் முதலில் உட்கார்ந்தாள். இஞ்சின் டிரைவர் பஞ்சாட்சரத்தின் பெண்சாதி. உரலை ஒரு கையால் நகர்த்துகிறவள். அவளுக்கே நாலாம் நாள் தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

"பீபிம்மா, இப்படியே போனா உங்களுக்குக் கால் வரும், எனக்குக் கை போயிடும்."

பேகம் சுவரில் கையை வைத்திருந்தாள். சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது. டுக், டுக், டுக், டுக். அந்தப் பக்கம் இஞ்சின் ஓடி, ஷாஃப்ட்டைச் சுற்றி, ஷாஃப்ட் பெல்ட்டை இழுத்து, பெல்ட் வீட்டளவு பெரிய மர டிரம்மைச் சுற்றிக்கொண்டிருந்தது. டிரம்முக்குள் நூறு ஆட்டுத் தோலும் ஆவாரம்பட்டைத் தண்ணீரும். காலை முதல் சாயங்காலம் வரை ஓயாமல்.

"அமிர்தம்."

"சொல்லுங்க பீபிம்மா."

"நூறு ஆட்டைச் சுத்துற இஞ்சின், ஒரு பேகத்தைச் சுத்தாதா?"

அமிர்தவள்ளி உரலைக் கீழே வைத்தாள். அது வரைக்கும் அவள் அதைப் பிடித்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாளே வேலை தொடங்கியது. பஞ்சாட்சரத்துக்கு ஒரு இயந்திரத்தைப் புதிதாகச் செய்யச் சொன்னால் தூக்கம் வராது, பசி வராது, பெண்சாதி பேசுவது காதில் விழாது. மூன்றாவதுக்கு இயந்திரம் இல்லாவிட்டாலும் அப்படித்தான் என்பாள் அமிர்தவள்ளி. சாயபு சீமையிலிருந்து வரவழைத்த சைக்கிள் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் அவர் ஒரே ஒரு தடவை ஏறினார். இறங்கியதும் அதே தடவைதான், ஆனால் வேறு இடத்தில். அதை அறுத்து மிதியையும் அச்சையும் எடுத்தார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல் சாயபு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். மிதியின் மேல் பாதத்தைக் கட்ட, ஷாப்பிலேயே பதனிட்ட முதல் தரத் தோலில் இரண்டு பை தைக்கப்பட்டன. லண்டனுக்குப் போக வேண்டிய தோல் அது.

ஒரே ஒரு சிக்கல். பேகம் கோஷா. பஞ்சாட்சரம் உள்ளே வரக் கூடாது. அதனால் சுவரில் ஓட்டை போட்டு, பெல்ட் மட்டும் உள்ளே வருவதென்று தீர்மானமானது. ஓட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு பச்சைத் திரை. எந்தக் கம்பியை எங்கே மாட்டுவது என்று பஞ்சாட்சரம் அங்கிருந்து கத்துவான். இங்கே அமிர்தவள்ளி மாட்டுவாள். உலக்கையால் சுவரில் ஒரு தட்டு தட்டினால் ஓட்டு. இரண்டு தட்டினால் நிறுத்து.

முதல் நாள் அமிர்தவள்ளி ஒரு தட்டு தட்டினாள். இஞ்சின் வேகம் அப்படியே காலுக்கு வந்தது. இரண்டாவது தட்டு தட்டுவதற்குள் பேகத்தின் கால்கள் வாணியம்பாடிக்குப் போய்த் திரும்பி வந்திருக்கும். ஒரு தலையணை கிழிந்து பஞ்சு அறையெங்கும் பறந்தது. அலமாரியில் இருந்த கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று சலாம் சொல்லிக்கொண்டன. எல்லாம் அடங்கிய பிறகு பேகம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"கொஞ்சம் மெதுவா," என்றாள்.

திரைக்கு அந்தப் பக்கம் பஞ்சாட்சரம் தலையைச் சொறிந்தான். பிறகு ஒரு மாட்டு வண்டிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் வைத்தான். மிதியின் அச்சில் அமிர்தவள்ளி அந்தச் சக்கரத்தைக் கோத்து, அதன் மேல் பெல்ட்டைப் போட்டதும் வேகம் கல்யாண ஊர்வலம் போல இறங்கிவிட்டது. கால் மெல்ல மேலே போயிற்று, மெல்லக் கீழே வந்தது. பேகம் நாற்காலியில் சாய்ந்து, சுல்தான் பல்லக்கில் போவது போல உட்கார்ந்தாள்.

மனமும் கூடப் போக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாளே, அதைப் பேகம் ஒரு நாளும் தவறவிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். ஒரு நாள் பள்ளிகொண்டாவுக்குப் போனாள். ஒரு நாள் ஆற்காடு தாண்டி, அக்கா வாழ்க்கைப்பட்ட கலவைக்கே போய், அக்காவோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள். அதுவரை மூடு வண்டியின் திரை இடுக்கு வழியாகத்தான் அந்த ரோட்டையெல்லாம் பார்த்திருந்தாள். இப்போது வழியில் நின்று வெள்ளரிக்காய் வாங்கித் தின்றாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னிக்கி எங்க பீபிம்மா?"

"ஏலகிரி. பேச்சுக் குடுக்காத, மூச்சு வாங்குது."

ஏலகிரி ஏறும்போதெல்லாம் ஏனோ இறங்குவது மாதிரியே இருந்தது. ஆம்பூர் இஞ்சினுக்கு மலை பழக்கமில்லை போலிருக்கிறது என்று பேகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா வெள்ளிக்கிழமைதோறும் வந்தாள். வெள்ளிக்கிழமை ஜும்மா, ஷாப்புக்கு விடுமுறை, இஞ்சின் ஓடாது. ஓடாமல் நின்ற சக்கரத்தை அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தோல் பையைத் தடவிப் பார்த்து, இப்படி ஒன்று எங்களிடம் இல்லையே என்றாள். பேகத்தின் தொடையை அழுத்தினாள். அவள் விரலுக்கு அடியில் சதை இறுகியது.

"கால் ஞாபகப்படுத்திக்கொள்ளுகிறது," என்றாள். அவள் முகம் சிவந்துவிட்டது. "அம்மா, உங்கள் கால் கற்றுக்கொள்ளுகிறது."

அன்று வாசலில் நின்ற ஜஹீதா சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். சத்தமே வரவில்லை. பேகத்துக்கு அந்தச் சத்தமில்லாமை வீட்டில் கேட்ட எல்லாச் சத்தத்தையும் விட நன்றாக இருந்தது.

ரம்ஜான் மாதம் பாதிக்கு மேல் போனபோது, ஒரு காலை, பேகம் எழுந்து நின்றாள். அமிர்தவள்ளி கை நீட்டினாள். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் இஞ்சின் டுக் டுக் என்றது. பேகம் இடது காலில் நின்றுகொண்டு, வலது காலைப் பார்த்து மனசுக்குள் ஒரு வார்த்தை சொன்னாள். என்ன வார்த்தை என்று கடைசி வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

வலது கால் அசைந்தது. தரையை விட்டு எழும்பியது. பின்னால் போய் ஊன்றியது.

பேகம் மறுபடி சொன்னாள். கால் மறுபடி எழும்பி, மறுபடி பின்னால் போயிற்று. இடது கால் பழைய கால். அதற்கு முன்னால் போகத்தான் தெரியும். அது முன்னால் போக, இது பின்னால் போக, ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இரண்டு மருமகள்களைப் போல ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பேகம் நின்ற இடத்திலேயே முழு வட்டம் சுற்றினாள். அறை, ஜன்னல், கட்டில், அமிர்தவள்ளி, மறுபடி அறை.

அமிர்தவள்ளி ஓட்டையில் வாயை வைத்தாள்.

"யோவ், இன்னாய்யா பண்ண? பீபிம்மாக்குக் கால் வந்திடுச்சு. ஆனா பின்னால போவுது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இஞ்சின் மட்டும் பேசியது.

"எந்தப் பக்கம் போவுதுன்னு சொன்ன?"

"பின்னால. நண்டு கணக்கா."

"நண்டு பக்கவாட்டுல போவும்மே."

"அதுவும்தான் போவுது. வட்டமாவும் போவுது. நீ காரணத்தச் சொல்லு."

காரணத்தைப் பஞ்சாட்சரம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான் என்று நினைக்க வேண்டியிருக்கிறது. குரல் அப்படித்தான் இருந்தது. ஈரத் தோல் நிறைந்த டிரம்முக்குப் பெல்ட்டை நேராக மாட்டினால் வழுக்கிவிடும். அதனால் தோல் ஷாப்பில் எந்தப் பெல்ட்டையும் குறுக்கே, எட்டுப் போட்ட மாதிரி முறுக்கித்தான் மாட்டுவார்கள். அப்படி மாட்டினால் சக்கரம் தலைகீழாகச் சுற்றும். டிரம்முக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. உள்ளே கிடக்கிற ஆட்டுக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. கை பழகின பழக்கத்தில் பேகத்தின் சக்கரத்துக்கும் அப்படியே மாட்டிவிட்டான். பெல்ட் தெரிந்தவனால் பேகத்தைப் பார்க்க முடியாது. பேகத்தைப் பார்க்கிறவர்களுக்குப் பெல்ட் தெரியாது. பார்த்திருந்தால் சொல்லியிருக்கக்கூடிய டாக்டரம்மாவோ வெள்ளிக்கிழமையில்தான் வருவாள். இத்தனை மாதம் பேகம் முன்னால் போவதாக நினைத்து ஆற்காடு, கலவை, ஏலகிரி எல்லாவற்றுக்கும் பின்பக்கமாகவே போய் வந்திருக்கிறாள்.

"இப்பவே நேரா மாட்டிடறேம்மா," என்றான் பஞ்சாட்சரம். "ரெண்டே நிமிஷம்."

பேகம் யோசித்தாள். பெருநாளுக்கு நாள் அதிகமில்லை. இத்தனை மாதம் ஒரு திசையில் படித்த காலை இப்போது மாற்றிப் படி என்றால் அது இரண்டையும் மறந்துவிட்டு மறுபடி பக்கத்து வீட்டுக்காரர் கால் ஆகிவிடும்.

"வேணாம், பெல்ட்டைத் தொடாத," என்றாள் திரையைப் பார்த்து. "சமையக்கட்டுக்கு வரேன்னு சொன்னேன். எந்தப் பக்கம் மூஞ்சை வெச்சிட்டு வரேன்னு சொன்னேனா?"

அன்றிலிருந்து இடது காலுக்குப் பாடம். நீ வலுத்தவன், விட்டுக்கொடு என்று அதைத் தட்டித் தட்டி பேகம் பின்னால் போகப் பழக்கினாள். கட்டிலிலிருந்து கதவு வரை, கதவிலிருந்து கட்டில் வரை, இரண்டுமே பின்பக்கமாக. கதவைச் சாத்திக்கொண்டு, ஜஹீதாவுக்குத் தெரியாமல். மத்தியானம் நோன்பில்லாத வேலையாட்களின் சாப்பாட்டு மணிக்கு இஞ்சின் நிற்கும். உடனே வலது கால் எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். டுக் டுக் கேட்டால்தான் மறுபடி கிளம்பும். அமிர்தவள்ளி அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பேகமும் சிரித்தாள். சிரித்தார்களே தவிர இருவரும் யோசிக்கவில்லை.

பெருநாள் விடிந்தது. ஆண்கள் எல்லாம் அத்தர் பூசிக்கொண்டு ஈத்காவுக்குப் போனார்கள். சமையல்கட்டில் ஜஹீதா பெரிய பித்தளை அண்டாவில் பாலைக் கொதிக்கவிட்டு, வறுத்த சேமியாவும் பேரீச்சம்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். முற்றத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் புதுத் துணி சரசரக்க உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் ஃபரீதா, பாக்கு இடித்துக்கொண்டிருந்தாள். பந்தய விஷயம் எல்லாருக்கும் தெரியும். யாருமே தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் பேகத்தின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. முதலில் பேகத்தின் முதுகு வந்தது.

முதுகு வாசற்படி வரை வந்து நின்றது. அதற்கு மேல் வரவில்லை.

உள்ளே பேகத்துக்கு வேர்த்துக் கொட்டியது. இடது கால் கதவுக்கு வெளியே, வலது கால் உள்ளே. வலது கால் நகர மாட்டேன் என்கிறது. வீடு முழுக்க நிசப்தம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெருநாள். ஷாப்புக்கு விடுமுறை. இஞ்சின் ஓடவில்லை.

"அமிர்தம்," என்றாள் உதடு அசையாமல். "இஞ்சின்."

அமிர்தவள்ளி ஓட்டைக்குப் பாய்ந்தாள். நல்ல வேளை, பெருநாள் சாப்பாடு வாங்கிப் போக அடுக்குப் பாத்திரத்தோடு பஞ்சாட்சரம் ஷாப் வாசலில்தான் உட்கார்ந்திருந்தான்.

"யோவ், இஞ்சினைப் போடு."

"இன்னிக்கி லீவும்மே."

"பீபிம்மா கால் நின்னு போச்சுய்யா. போடு."

"நெனச்சவுடனே போட முடியுமா? மண்டையைச் சுட வெக்கணும். விளக்கேத்தி, மண்டை செவந்து..."

"இஞ்சின் மண்டை செவக்கலேன்னா உன் மண்டை செவக்கும்."

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. விளக்கு சீறத் தொடங்கியது. பேகம் வாசற்படியில் பெண்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள். இடது கால் நடுங்கியது. சமையல்கட்டில் ஜஹீதா சேமியாவைப் பாலில் போட்டுவிட்டாள். வாசனை முற்றத்துக்கு வந்தது. ஃபரீதாவின் பாக்கு உரல் நின்றுவிட்டது. தூரத்தில் ஈத்காவிலிருந்து தக்பீர் கேட்டது. தொழுகை ஆரம்பமாகிவிட்டது. பெருநாள் தொழுகை நீளமான தொழுகை இல்லை.

டுக்.

பேகம் மூச்சைப் பிடித்தாள்.

டுக். டுக். டுக், டுக், டுக், டுக்.

வலது கால் விழித்துக்கொண்டது. எழும்பியது, வாசற்படியைத் தாண்டியது, முற்றத்தில் ஊன்றியது. முற்றத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே மூச்சாக எழுந்துவிட்டார்கள். பேகம் வந்தாள். பின்பக்கமாக, ஆனால் நிமிர்ந்து, முக்காடு நழுவாமல், இஞ்சின் சொன்ன தாளத்தில். முதுகு முன்னே வர, முகம் பின்னே வர, அவள் கடந்துபோன பிறகுதான் அந்த முகத்தில் இருந்த சிரிப்பை ஒவ்வொருத்தியும் பார்த்தாள்.

ஈத்கா மைதானத்தில் வரிசையாக நின்ற ஆண்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. முதல் வரிசையில் நின்ற ஹபீப் சாயபுவுக்குத் தன் இஞ்சின் குரல் நன்றாகத் தெரியும். தொழுகையில் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. காது மட்டும் திரும்பியது என்று அவருக்குப் பின்னால் நின்றவர்கள் சொன்னார்கள்.

ஜஹீதா கரண்டியோடு சமையல்கட்டு வாசலுக்கு வந்தாள்.

"இது நடையா? பின்னால இல்ல போறீங்க ஆபா."

"தர்காவுல ஜனங்க எப்படி வெளிய வர்றாங்க?" என்றாள் பேகம், நடையை நிறுத்தாமல். "முதுகு காட்டாமத்தான வர்றாங்க? பெருநாள் அன்னிக்கு வீடு தேடி வந்தவங்களுக்கு முதுகைக் காட்டிட்டுப் போகச் சொல்றியா?"

"நியாயம்," என்றாள் ஃபரீதா.

ஜஹீதா கரண்டியை ஓங்கி ஏதோ சொல்ல வந்தாள். சொல்வதற்குள் வேறொன்றைப் பார்த்துவிட்டாள். பேகத்துக்கு முதுகுப் பக்கம் கண் இல்லை. முற்றத்துத் தண்ணீர்த் தொட்டி அவள் வழியிலேயே இருந்தது. இன்னும் இரண்டு அடி வைத்தால் தொட்டிக்குள் விழுவாள். விழுந்தால் பந்தயம் முடிந்தது, சாவி ஜஹீதாவுக்கு. அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும்.

ஜஹீதாவுக்கு வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரியாது. அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்ட யாருக்குமே தெரியாது.

"ஆபா, தொட்டி. எடது பக்கம் ஒதுங்குங்க. எடது. அது சோத்துக்கை, இன்னொரு பக்கம். ம், அப்படியே."

பேகம் ஒதுங்கினாள்.

"நேரா வாங்க. அம்மி கீது, பாத்து. இன்னும் கொஞ்சம். இப்போ படி. காலத் தூக்கி வைங்க. நல்லாத் தூக்குங்க."

"எவ்ளோ ஒசரம்?"

"ஒரு சாண். நான் புடிக்கட்டா?"

"புடிக்காத. புடிச்சா தோத்துடுவேன். சொல்லிக்கிட்டே வா."

அப்படியே ஜஹீதா வழி சொல்லச் சொல்ல, அவளும் பின்னால் நகர்ந்து நகர்ந்து இடம் விட, முனவ்வர் பேகம் படி ஏறி, சமையல்கட்டுக்குள் வந்து, அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றாள். வலது கையை நீட்டினாள். ஜஹீதா கரண்டியைக் கொடுத்தாள். இடது கையை நீட்டினாள். ஜஹீதா அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து அதில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அடுப்புப் புகை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள், அப்படியே இருக்கட்டும்.

பேகம் கிண்டினாள். ஒரு சொட்டைக் கையில் விட்டு ருசி பார்த்தாள்.

"சக்கரை கம்மி," என்றாள். "ஏண்டி, தினமும் அத்தனை தரம் அலமாரியத் தொறந்தியே, சக்கரையெல்லாம் எங்க போச்சு?"

"எல்லாம் அப்படியே கீது ஆபா. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல. எதத் தொறக்கப் போனாலும் மொதல்ல அந்த அலமாரிதான் தொறந்துது."

பேகம் சிரிக்கக் கூடாதென்று பல்லைக் கடித்தாள். முடியவில்லை. முற்றத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சிரிப்பு அன்றைக்குப் பள்ளிகொண்டா வரை கேட்டது. இஞ்சின் கட்சிக்காரர்கள் அத்தோடு ஊரில் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் தெருவில் ஹபீப் சாயபு ஓட்டமாக வந்தார். யாரையும் கட்டித் தழுவாமல், யாருக்கும் பெருநாள் வாழ்த்துச் சொல்லாமல், நேராக இஞ்சின் அறைக்குள் நுழைந்தார். பஞ்சாட்சரம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சாயபு கேட்கவில்லை. தானே எண்ணெய்க் குழாயைத் திருகினார். டுக் டுக் தேய்ந்து நின்றது. பிறகு வீட்டுக்குள் வந்தார். பெண்கள் வழி விட்டார்கள்.

சமையல்கட்டில், அடுப்புக்குப் பக்கத்தில், கையில் கரண்டியும் இடுப்பில் சாவியுமாக அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்தாள். சாயபு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"முனவ்வர். உன்ன யார் தூக்கியாந்து இங்க நிறுத்துனது?"

"யாரும் தூக்கல. நானே நடந்து வந்தேன்."

சாயபு ஜஹீதாவைப் பார்த்தார். ஜஹீதா தலையை ஆட்டினாள். ஃபரீதாவைப் பார்த்தார். அவளும் ஆட்டினாள்.

"நடந்தியா? என் கண்ணால பாக்கணும், முனவ்வர். ஒரே ஒரு அடி. நட."

பேகம் வலது காலைப் பார்த்தாள். அது அசையவில்லை. அவள் கோபப்படவில்லை, கரண்டியை எடுத்து மறுபடி கிண்டத் தொடங்கினாள்.

"இஞ்சினை நிறுத்திட்டு வந்து நடன்னா எப்படிங்க நடக்கறது?" என்றாள். "போய் போடுங்க."

சாயபு போனார். பெருநாளும் அதுவுமாக, புது ஷெர்வானியில், இஞ்சின் மண்டையைச் சுட வைக்கத் தானே குனிந்து விளக்கேற்றினார்.